தோரியம் இல்லாத அருமண்: அம்பா டோங்கர் குன்று சொல்வது என்ன?

புது தில்லி: நாட்டின் கனிம வளங்களை ஆளும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அருமண் கனிமங்கள் இரண்டு இடங்களில் இடம்பெற்றுள்ளன. அணுசக்திக் கனிமங்களைப் பட்டியலிடும் பி பகுதியில் "யுரேனியம், தோரியம் கொண்ட" அருமண் கனிமங்கள். 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட டி பகுதியில் "யுரேனியம், தோரியம் கொண்டிராத" அருமண் கனிமங்கள். முதல் வகை நெடுங்காலமாக அரசு நிறுவனங்களின் கையில் இருப்பது. இரண்டாம் வகையை மத்திய அரசே ஏலம் விடலாம், தனியாரும் எடுக்கலாம், வருவாய் மட்டும் மாநிலத்துக்குப் போகும்.

"கொண்ட", "கொண்டிராத" என்ற இந்த இரு சொற்களுக்கு இடையிலான தூரம் தில்லியின் கோப்புகளில் மிகச் சிறியது. மண்ணுக்கு அடியில் அது மிகப் பெரியது. ஏனெனில் அந்தக் கோடு ஏறத்தாழ இரண்டு கனிமக் குடும்பங்களுக்கு இடையே விழுகிறது. ஒருபுறம் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற பாஸ்பேட். மறுபுறம் குஜராத், ராஜஸ்தான் பாறைகளில் பதுங்கியிருக்கும் கார்பனேட் வகைகள். அவற்றின் தலைமகன் பாஸ்ட்னசைட். உலகம் இன்று பயன்படுத்தும் அருமண்ணின் பெரும்பகுதி இந்தக் கார்பனேட்டிலிருந்தே வருகிறது. இந்தியாவோ முக்கால் நூற்றாண்டாகப் பாஸ்பேட்டை மட்டுமே நம்பியிருக்கிறது.

அருமண் தனிமங்கள் மொத்தம் 17. லாந்தனம் முதல் லுட்டீஷியம் வரையிலான 15 தனிமங்களுடன் ஸ்காண்டியமும் யிட்ரியமும் சேர்ந்த கூட்டம் அது. மின்சார வாகனத்தின் மோட்டாரிலும் காற்றாலையிலும் ஏவுகணையிலும் இருக்கும் வலுவான காந்தங்களுக்கு நியோடிமியமும் பிரசியோடிமியமும் வேண்டும். அந்தக் காந்தம் வெப்பத்தில் வலுவிழக்காமலிருக்க டிஸ்புரோசியமோ டெர்பியமோ சிறிதளவு வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் உலகில் தோண்டப்பட்ட 3.9 லட்சம் டன் அருமண் ஆக்சைடில் சீனாவின் பங்கு 2.7 லட்சம் டன். இந்தியாவின் பங்கு 2,900 டன். வளம் இருந்தும் உற்பத்தி இல்லாத நாடு என்ற பழைய புகார் இந்த எண்களிலிருந்தே பிறக்கிறது.

அலையும் பாறையும்

கேரளத்தின் சவரா, தமிழகத்தின் மணவாளக்குறிச்சி, ஒடிஸாவின் சத்ரபூர் ஆகிய கரைகளில் மோனசைட் ஏன் சேர்ந்தது, பாஸ்ட்னசைட் ஏன் சேரவில்லை என்பதற்குக் கனிமத்தின் இயல்பே விடை. மோனசைட் கடினமானது, மழைநீரோ கடல்நீரோ அதை எளிதில் கரைப்பதில்லை. மலையிலிருந்து உடைந்து, ஆற்றில் உருண்டு, அலையில் புரண்டு, இலேசான மணல் எல்லாம் அடித்துச் செல்லப்பட்ட பின்னும் அது கரையில் தங்கும். நொறுக்குவது, சலிப்பது, கனம் பார்த்துப் பிரிப்பது என்ற வேலைகளை இயற்கையே கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கூலியின்றிச் செய்து வைத்திருக்கிறது. ஆனால் இந்திய மோனசைட்டில் எடைக்கு 8 முதல் 10 விழுக்காடு தோரியம் ஆக்சைடு சேர்ந்தே வருகிறது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் அரசு வசம் தொடங்கப்பட்டதற்கும், அருமண் என்பது அணுசக்தித் துறையின் வீட்டுச் சொத்தாகவே நீடித்ததற்கும் அந்தத் தோரியமே காரணம்.

பாஸ்ட்னசைட்டின் கதை வேறு. தேன் நிறத்திலோ செம்பழுப்பிலோ இருக்கும் இக்கனிமம் மோனசைட்டைவிட மென்மையானது. ஆய்வகத்தில் நீர்த்த அமிலத்தைச் சிறிது நேரம் தாங்கும். ஆயிரமாயிரம் ஆண்டு மழையைத் தாங்காது. பாறை சிதையும்போது அதுவும் சிதைந்துவிடும். ஆகவே அதைக் கரையில் அள்ள முடியாது. பிறந்த இடத்துக்கே போய்ப் பாறையைப் பிளந்து எடுக்க வேண்டும். அந்தப் பிறந்த இடம் பெரும்பாலும் கார்பனடைட் எனப்படும் விசித்திரமான எரிமலைப் பாறை. சாதாரண எரிமலைக் குழம்பு மணற்சத்து நிறைந்தது. கார்பனடைட்டோ சுண்ணாம்புச் சத்து உருகிய குழம்பு உறைந்தது. இன்றைய உலகில் இத்தகைய குழம்பைக் கக்கும் எரிமலை தான்சானியாவில் உள்ள ஓல்டோயின்யோ லெங்காய் ஒன்றுதான்.

இந்தியாவில் இப்பாறைக்குப் பேர்பெற்ற இடம், குஜராத்தின் சோட்டா உதய்பூர் மாவட்டத்தில், நர்மதைப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் உள்ள அம்பா டோங்கர். ஆர்.என். சுகேஷ்வாலா, ஜி.ஆர். உதாஸ் ஆகிய புவியியலாளர்கள் 1963இல் இதை உலகுக்கு அறிவித்தனர். வட்டமான கோட்டைச் சுவர்போல் கார்பனடைட் வளையம் எழுந்து நிற்கும் இக்குன்று சுமார் 6.5 கோடி ஆண்டுப் பழைமையானது. அதாவது தக்காணப் பீடபூமியின் கரும்பாறைகள் குழம்பாகப் பொங்கிய அதே காலம். அங்கு முதலில் கண்ணில் பட்டது அருமண் அன்று, புளோரைட். அருகிலுள்ள கடிபானியில் குஜராத் கனிம வளர்ச்சிக் கழகம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே புளோரைட் சுரங்கத்தையும் ஆலையையும் நிறுவிவிட்டது. இப்போது அக்கழகமே அருமண் திட்டத்தை முன்னெடுக்கிறது. (கார்பனடைட் தமிழகத்துக்கும் அந்நியமில்லை. திருப்பத்தூர் அருகே சேவத்தூரிலும், சாமல்பட்டி வட்டாரத்திலும் அது உண்டு. ஆனால் அருமண்ணுக்காக இன்று பேசப்படுபவை மேற்கிந்தியப் பாறைகளே.)

சீட்டுக்கட்டு போன்ற படிகம்

அம்பா டோங்கரில் உள்ள அருமண்ணை எடுப்பது எளிதா, கடினமா என்பதற்கான விடை, டன் கணக்கில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத படிக அடுக்குகளில் இருக்கிறது.

பாஸ்ட்னசைட்டின் பெயர் ஸ்வீடனில் உள்ள பாஸ்ட்நாஸ் சுரங்கத்திலிருந்து வந்தது. சீரியம் என்ற தனிமம் 1803இல் கண்டறியப்பட்டதும் அச்சுரங்கத்தின் கனிமத்திலிருந்தே. பாஸ்ட்னசைட்டில் இருப்பவை மூன்றே: அருமண் தனிமம், புளோரின், கார்பனேட். இதன் படிகத்தைச் சீட்டுக்கட்டாக எண்ணிக்கொள்ளலாம். அருமண் அணுக்களும் புளோரினும் சேர்ந்து ஒரு தாள். அடுத்து கார்பனேட் அலகுகளால் ஆன ஒரு தாள். மீண்டும் முதல் தாள். ஒரு கரி அணுவைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் அணுக்கள் அமைந்த தட்டை முக்கோணமே கார்பனேட். சுண்ணாம்புக் கல்லில் உள்ள கால்சைட் படிகத்தில் இந்த முக்கோணங்கள் படுத்திருக்கும். பாஸ்ட்னசைட்டில் அவை விளிம்பில் நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு அருமண் அணுவையும் ஆறு ஆக்சிஜன், மூன்று புளோரின் என ஒன்பது அண்டை அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. கலப்படமற்ற பாஸ்ட்னசைட்டில் எடைக்கு எழுபது விழுக்காட்டுக்கும் மேல் அருமண் ஆக்சைடு. இவ்வளவு செறிவான கனிமம் அரிது.

சிக்கல் இதன் உறவினர்களிடம் தொடங்குகிறது. பாஸ்ட்னசைட்டின் அடுக்குகளுக்கு நடுவே கால்சைட்டுக்குச் சமமான அளவு கால்சியமும் கார்பனேட்டும் நுழைந்தால் கிடைப்பது சிங்கிசைட். ஒரு பங்கு பாஸ்ட்னசைட்டும் ஒரு பங்கு சிங்கிசைட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டால் பாரிசைட். (இப்பெயருக்கும் பிரான்ஸின் தலைநகருக்கும் தொடர்பில்லை. கொலம்பியாவில் முசோ மரகதச் சுரங்கத்தை நடத்திய பாரிஸ் என்பவரின் நினைவாக வைத்த பெயர் அது.) ஒரு பங்கு பாஸ்ட்னசைட்டுக்கு இரு பங்கு சிங்கிசைட் என்றால் ராண்ட்ஜெனைட். சிங்கிசைட் என்ற பெயரே குழப்பம் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தொடக்கத்தில் அதைப் பாரிசைட் என்று மயங்கியதால் இட்ட பெயர். கண்டவர்களின் மனநிலையைக் கனிமத்தின் பெயரில் பதிவு செய்த நேர்மை பாராட்டத்தக்கது.

கணவனும் மனைவியுமான ஜே.டி.எச். டானே, காப்ரியேல் டானே ஆகிய படிக ஆய்வாளர்கள் 1953இல் எக்ஸ் கதிர் கொண்டு இந்த நான்கு கனிமங்களின் உறவை விளக்கினர். வெளிப்பார்வைக்கு ஒரே படிகமாகத் தோன்றுவதற்குள் இரண்டு, மூன்று வகைகள் அடுக்கடுக்காய் ஒட்டி வளர்ந்திருக்கின்றன என்பதை அவர்கள் காட்டினர். பின்னாளில் வந்த மின்னணு நுண்ணோக்கிகள் அந்த அடுக்கு ஒழுங்கில்லாமலும் கலைந்து கிடப்பதுண்டு என்று காட்டின. பாஸ்ட்னசைட் எங்கே முடிகிறது, பாரிசைட் எங்கே தொடங்குகிறது என்று கத்தி வைத்துப் பிரிக்க இயலாத நிலை.

இது கல்லூரிப் பாடம் மட்டுமாக இருந்தால் தில்லி கவலைப்பட வேண்டியதில்லை. ஆலையில் இதுவே செலவுக் கணக்காகிறது. தாதுவை மாவாக அரைத்து, நீரில் கலக்கி, கொழுப்பமிலம் போன்ற வேதிப்பொருளைச் சேர்த்துக் காற்றைச் செலுத்தினால், வேண்டிய கனிமத் துகள் மட்டும் நுரையில் ஒட்டி மேலே வர வேண்டும். மிதப்பு முறை எனப்படும் இதுவே பாஸ்ட்னசைட்டைப் பிரிக்கும் வழக்கமான வழி. ஆனால் கார்பனடைட்டில் கூட இருக்கும் கால்சைட்டும் கார்பனேட். புளோரைட்டில் கால்சியமும் உண்டு, புளோரினும் உண்டு. வேதிப்பொருளுக்கு மூன்றும் ஏறத்தாழ ஒரே முகம். சிங்கிசைட், பாரிசைட் போன்றவை தம் உடலுக்குள்ளேயே கால்சியத்தை வைத்திருப்பதால் மயக்கம் மேலும் கூடுகிறது. அம்பா டோங்கரில் இம்மூன்று அருமண் கார்பனேட்டுகளும், அவற்றைச் சுற்றிக் கால்சைட்டும் புளோரைட்டும் பேரைட்டும் இருக்கின்றன. துகள்களும் மிக நுண்ணியவை. அதிகம் அரைத்தால் சேறாகிவிடும். குறைவாக அரைத்தால் பிரியாது. அமிலத்தை ஊற்றிக் கால்சைட்டைக் கரைத்துவிடலாம் என்றால், பாறையின் பெரும்பகுதியே கால்சைட். அமிலத்தின் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துபோகும்.

தேடுவதும் கிடைப்பதும்

இன்னொரு வரம்பும் படிகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பாஸ்ட்னசைட்டின் கட்டமைப்பில் பருத்த அணுக்களே வசதியாகப் பொருந்துகின்றன. அருமண் வரிசையில் இலேசானவையே பருத்தவை. கனம் கூடக்கூட அணு சுருங்குகிறது. கனிமம் வளரும் குழம்பிலும் இலேசானவையே மிகுதி. எனவே அதில் சேருவது லாந்தனம், சீரியம், பிரசியோடிமியம், நியோடிமியம் ஆகிய நான்கே என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் மவுண்டன் பாஸ் தாதுவில் பாதியளவு சீரியம், மூன்றில் ஒரு பங்கு லாந்தனம், சுமார் 12 விழுக்காடு நியோடிமியம். டிஸ்புரோசியமும் டெர்பியமும் துளியளவே.

சீனா 2025 ஏப்ரல் 4ஆம் தேதி ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களைப் பார்த்தால் இதன் அரசியல் புரியும். சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுட்டீஷியம், ஸ்காண்டியம், யிட்ரியம். நியோடிமியம் அப்பட்டியலில் இல்லை. இந்திய வாகன ஆலைகளைத் தவிக்க வைத்தது அந்தக் கட்டுப்பாடு. அதற்கு அம்பா டோங்கர் மறுமொழி என்று மேடைகளில் பேசப்படுவது பாதி உண்மையே. நியோடிமியம் கிடைக்கும், காந்தத்துக்கு அது அடிப்படை, ஆனால் சீனா பூட்டிவைத்த பெட்டியின் சாவி அக்குன்றில் இல்லை.

ராஜஸ்தானில் நிலைமை சற்று வேறு. பார்மேர் பகுதியின் கம்தாயில் உள்ளதும் கார்பனடைட்தான். பாஸ்ட்னசைட்டுடன் கார்போசெர்னைட் என்ற மற்றொரு அருமண் கார்பனேட்டும் அங்கு உண்டு. அதுவும் இலேசான வகைகளின் களஞ்சியம். ஆனால் சிவானா வளையப் பாறை ஒருவகைக் கிரானைட். அதில் கனமான அருமண் வகைகளும் யிட்ரியமும் ஒப்பீட்டளவில் அதிகம். நாடாளுமன்றத்தில் 2025இல் அரசு அளித்த கணக்கின்படி, குஜராத், ராஜஸ்தான் கடும்பாறைகளில் 12.9 லட்சம் டன் அருமண் ஆக்சைடு உள்ளது; மணலில் உள்ள 1.315 கோடி டன் மோனசைட்டில் 72.3 லட்சம் டன். கார்பனடைட்டும் கிரானைட்டும், இலேசும் கனமும், எளிதில் பிரிவதும் பிரியாததும் அந்த 12.9 லட்சம் என்ற ஒற்றை எண்ணுக்குள் அடக்கம்.

கலிபோர்னியா தந்த பாடம்

கார்பனேட் அருமண்ணை நம்பி ஒரு தொழிலை நடத்துவது எப்படி என்பதை மவுண்டன் பாஸ் எழுபது ஆண்டுகளாகக் காட்டிவருகிறது. 1949இல் யுரேனியம் தேடிப் போனவர்கள் கதிர்வீச்சுக் கருவியின் ஒலியைப் பின்தொடர்ந்து கண்டதுதான் அந்தப் பாஸ்ட்னசைட். 1960களில் வண்ணத் தொலைக்காட்சியின் சிவப்பு ஒளிக்குத் தேவைப்பட்ட யூரோப்பியம் அதன் அதிர்ஷ்டத்தைத் திறந்தது. அத்தாதுவில் யூரோப்பியம் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்காக மீதி எல்லாம் தோண்டப்பட்டது. நுரையில் மிதக்க வைப்பதற்கு முன் கலவையை நீராவியால் கொதிநிலைக்கு அருகே சூடேற்றுவது, பின்னர் அமிலத்தால் கால்சைட்டைக் கழுவுவது, உலையில் வறுத்துக் கரியமில வாயுவை வெளியேற்றுவது, அந்தச் சூட்டில் சீரியத்தை மட்டும் கரையாத நிலைக்கு மாற்றி ஒதுக்குவது என்று அங்கு உருவான முறைகள் பின்னர் உலகுக்கே பாடமாயின.

1990களில் அங்கிருந்து பாலைவனத்தின் ஊடே கழிவுநீர் கொண்டுசென்ற குழாயில் கசிவுகள் ஏற்பட்டன. அந்நீரில் தோரியமும் ரேடியமும் இருந்தன. ஒருபுறம் அந்த வழக்குகள், மறுபுறம் சீனாவின் மலிவு விலை. 2002இல் சுரங்கம் நின்றது. மீண்டும் திறந்து, உரிமையாளர் நிறுவனம் 2015இல் திவாலாகி, வேறு கைக்கு மாறி, 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே 40 கோடி டாலருக்குப் பங்கு வாங்கி, நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் என அடிப்படை விலையும் உறுதி செய்த பிறகுதான் அது நிலைபெற்றிருக்கிறது. தடையற்ற சந்தையின் தாயகம் செய்த ஏற்பாடு இது.

சீனாவின் உள் மங்கோலியாவில் உள்ள பயன் ஓபோவில் பாஸ்ட்னசைட்டும் மோனசைட்டும் கலந்தே கிடைக்கின்றன. அதைக் கந்தக அமிலத்துடன் வறுக்கும்போது கார்பனேட் வாயுவாகப் போகும். புளோரின் நச்சு வாயுவாக வெளிவரும். தோரியம் கழிவில் தங்கும். பாவோடோ நகருக்கு வெளியே மஞ்சள் ஆற்றுக்கு அருகில் தேங்கியுள்ள கழிவுக் குளம் உலகப் புகழ் பெற்றது, விரும்பத்தகாத காரணத்துக்காக.

இந்த இரு கதைகளிலும் சட்ட அட்டவணைக்குத் தொடர்புள்ள ஒரு செய்தி இருக்கிறது. கார்பனேட் அருமண்ணில் தோரியம் குறைவு. அறவே இல்லை என்பதில்லை. இருந்திராவிட்டால் 1949இல் அந்தக் கருவி ஒலித்திருக்காது. "கொண்டிராத" என்ற சொல்லைத் தாது ஆய்வறிக்கையின் எந்த எண்ணில் நிறுத்துவது என்பதைப் பொறுத்தே ஒரு குன்று பி பகுதிக்கோ டி பகுதிக்கோ போகும். கடற்கரை மோனசைட்டுக்கு இந்த வரம்பை 2019இல் பூஜ்யமாக்கிய அரசு, தனியாரை அங்கிருந்து முற்றாக விலக்கியது. பாறைக்கு அத்தகைய கண்டிப்பு இல்லை.

கேட்கப்படாதவர்கள்

சோட்டா உதய்பூர் மாவட்ட மக்களில் பெரும்பான்மையினர் பழங்குடியினர். ராட்வா மக்களின் பித்தோரா சுவரோவியங்களால் அறியப்பட்ட நிலம் அது. அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பாதுகாப்பும் அப்பகுதிக்கு உண்டு. ஆனால் பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், குத்தகைக்கு முன் கிராம சபையின் அல்லது ஊராட்சியின் பரிந்துரையைக் கட்டாயமாக்குவது சிறு கனிமங்களுக்கு மட்டுமே. மணலுக்கும் சரளைக்கும் பரிந்துரை வேண்டும், அருமண்ணுக்கு வேண்டாம். நிலம் கையகப்படுத்தும்போது கலந்தாலோசனை, வனநிலம் என்றால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஆகியவையே மீதமுள்ள பிடிமானங்கள்.

இவற்றுடன் இருந்த மற்றொரு வாய்ப்பு, சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பு. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டதன் பேரில், சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8ஆம் தேதியிட்ட அலுவலகக் குறிப்பாணை மூலம், பி, டி ஆகிய இரு பகுதிகளின் கனிமச் சுரங்கங்களுக்கும் அதிலிருந்து விலக்களித்தது. குத்தகைப் பரப்பு எவ்வளவாயினும் மத்திய அளவிலேயே பரிசீலனை நடக்கும் என்றது அக்குறிப்பாணை. நாடாளுமன்றத்தில் விவாதித்து ஏலத்துக்கும் அணுசக்திக்கும் என இரண்டாகப் பிரிக்கப்பட்டவை, மக்களிடம் கேட்பதைத் தவிர்க்கும் இடத்தில் ஒன்றாகிவிட்டன.

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் உள்ளிட்ட மணல் கனிமங்களை எடுக்கும் இந்திய அருமண் நிறுவனத்தின் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்ததும், 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டதும் தமிழக வாசகர்கள் அறிந்ததே. குறிப்பாணையைத் திரும்பப் பெறக் கோரி 2025 செப்டம்பரில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நர்மதைக் கரையின் குன்றுக்கும் குமரியின் கரைக்கும் கனிமத்தில் ஒற்றுமையில்லை; நடைமுறையில் உண்டு.

பணத்துக்குக் குறைவில்லை. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஆண்டுக்கு 6,000 டன் அருமண் காந்தங்கள் தயாரிக்க ரூ. 7,280 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. காந்த ஆலைக்குத் தேவையான நியோடிமியத்தைத் தாதுவிலிருந்து பிரிக்கும் வழியில் அரைத்தல், மிதக்கவைத்தல், அமிலக் கழுவல், பின்னர் நூற்றுக்கணக்கான கட்டங்களில் கரைப்பான் கொண்டு ஒரு தனிமத்தை அடுத்ததிலிருந்து விலக்குதல் எனப் பல படிகள் உள்ளன. கரைப்பான் முறையில் ஆலுவாவில் உள்ள அரசு ஆலைக்கு நீண்ட அனுபவம் உண்டு; ஆனால் அது மோனசைட் அனுபவம். கால்சைட்டுக்குள்ளும் புளோரைட்டுக்குள்ளும் கலந்து கிடக்கும் பாஸ்ட்னசைட்டையும் பாரிசைட்டையும் தொழிலளவில் பிரித்த அனுபவம் நாட்டில் எந்த ஆலைக்கும் இல்லை. அருமண் கார்பனேட்டிலிருந்து மீதமாகும் சீரியத்துக்கும் லாந்தனத்துக்கும் சந்தை தேட வேண்டும். ஒரு டன் நியோடிமியத்துக்குச் சில டன் சீரியம் சேர்ந்தே வரும். புளோரின் கழிவை எங்கு தேக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். கடிபானியில் புளோரைட் ஆலை இருந்த அனுபவம் இதில் கைகொடுக்கலாம். மழைக்காலத்தில் அந்தக் குன்றுகளின் நீர் ஓடிச் சேருவது நர்மதையில்.